இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே பணியில்: டாக்டர் ஜாகிர் ஹுசைன்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி குறித்துப் பேச வேண்டும் என்று நிர்வாகத்தினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கல்வியின் சிறப்பை எடுத்துரைக்கும் சொற்பொழிவுகளை நீங்கள் ஏராளமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று சிறப்பைப் பேசாமல், ஒரு கல்வி நிலையத்தைத் தாங்கி நின்ற ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறோம். அவர் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்கள்.

நம் பிள்ளைகளிடம் கேட்டால், இந்தியாவின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்று உடனே விடை சொல்வார்கள். விநாடி வினாவுக்கு அது போதும். ஆனால் குடியரசுத் தலைவர் பதவியில் அவர் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் சற்றுக் குறைவு. 1926ஆம் ஆண்டு முதல் 1948ஆம் ஆண்டு வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் வகித்த பதவி வேறொன்று. தில்லியிலுள்ள ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் ‘ஷைகுல் ஜாமிஆ’ என்பது அதன் பெயர். இன்றைய வழக்கில் துணைவேந்தர் என்கிறோம். அப்பதவிக்கு மாளிகை இல்லை, வாகனம் இல்லை, பல மாதங்கள் ஊதியமும் இல்லை. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம்.

அவர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். முன்னோர் ஐக்கிய மாகாணத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்துக் காயிம்கஞ்ச் என்னும் ஊரைச் சேர்ந்த பட்டாணியர். தந்தையார் ஃபிதா ஹுசைன் கான் வழக்கறிஞர். ஜாகிருக்குப் பத்து வயதாகும்போது தந்தையார் வஃபாத்தானார். இட்டாவா நகரத்து இஸ்லாமியா உயர்நிலைப் பள்ளி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, 1911இல் காயிம்கஞ்சில் பரவிய பிளேக் நோய்க்குத் தாயாரும் பலியானார். பதினான்கு வயதில் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளை. விடுதியும் ஆசிரியர்களுமே அவருக்கு வீடாக அமைந்தனர். பிற்காலத்தில் விடுதிக் குழந்தைகள் மீது அவர் காட்டிய பரிவுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நமது கருத்து.

பின்னர் அலீகர் கல்லூரியில் பட்டம் பெற்று, மேற்படிப்பும் பயின்று, அங்கேயே பாடம் நடத்தவும் தொடங்கியிருந்தார். அப்போது 1920ஆம் ஆண்டு வந்தது. கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் வீசிக்கொண்டிருந்த காலம். அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களை விட்டு வெளியேறுங்கள் என்று காந்தியடிகளும் அலீ சகோதரர்களும் அலீகருக்கே வந்து அழைத்தனர். வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் கல்வியை விட்டு வெளியேறவில்லை. தங்களுக்கென ஒரு கல்வி நிலையத்தை நிறுவ விழைந்தார்கள். அவர்களில் முன்னணியில் நின்றவர் ஜாகிர் ஹுசைன்.

1920 அக்டோபர் 29ஆம் நாள், அலீகர் கல்லூரியின் பள்ளிவாசலில் ஜாமிஆ தொடங்கி வைக்கப்பட்டது. தொடங்கி வைத்தவர் யார் என்பதை மத்ரஸாக்களில் ஓதியவர்கள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். தேவ்பந்தின் ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூத் ஹசன் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள். மால்டா தீவில் ஆங்கிலேயரின் சிறையிலிருந்து அவ்வாண்டுதான் விடுதலையாகி வந்திருந்தார்கள். எழுந்து நின்று பேச இயலாத நோய் நிலை. அவர்களின் உரையை மவ்லானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி அவர்கள் வாசித்தளித்தார்கள். அடுத்த மாதம் 30ஆம் நாள் ஷைகுல் ஹிந்த் அவர்கள் இம்மையை நீத்தார்கள். ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர்கள் அமைத்த நிலையத்தைத் தொடங்கி வைக்க, மரணப் படுக்கையை நெருங்கிய ஓர் ஆலிம் பயணம் செய்து வந்தார் என்பது, மத்ரஸாக் கல்வி வேறு, உலகக் கல்வி வேறு என்று கோடு கிழிப்போர் சிந்திக்க வேண்டிய செய்தி.

ஹகீம் அஜ்மல் கான் முதல் வேந்தர். மவ்லானா முஹம்மது அலீ ஜவ்ஹர் முதல் ஷைகுல் ஜாமிஆ. வாடகை வீடுகளிலும் கூடாரங்களிலும் வகுப்புகள் நடந்தன. ஆனால் எழுச்சியில் பிறந்த அந்த நிலையம், எழுச்சி தணிந்தபோது தள்ளாடத் தொடங்கியது. 1922 பிப்ரவரியில் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. 1924 மார்ச்சில் துருக்கியே கிலாஃபத்தை ஒழித்துவிட்டது. கிலாஃபத் குழுவிலிருந்து வந்துகொண்டிருந்த பணம் வற்றியது. பிள்ளைகளைப் பெற்றோர் பழைய கல்லூரிகளுக்கே திரும்ப அனுப்பினர். ஜாமிஆவை மூடிவிடலாம் என்ற பேச்சு வெளிப்படையாகவே எழுந்தது.

அந்நேரத்தில் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனியில் இருந்தார். 1922இல் மேற்படிப்புக்காக பெர்லின் சென்று, வெர்னர் ஸோம்பார்ட் என்னும் புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியரிடம், ஆங்கிலேய இந்தியாவின் வேளாண்மை அமைப்புப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அங்கே மிர்ஸா காலிபின் திவானை அழகுற அச்சிட விரும்பி, காவியானி அச்சகத்தில் தாமே அமர்ந்து எழுத்துக் கோத்தார் என்பது சுவையான செய்தி. 1925இல் அந்நூல் வெளிவந்தது. கையால் உழைப்பதைக் கற்றவர் இழிவாகக் கருதலாகாது என்பதைப் பிற்காலத்தில் அவர் நாட்டுக்குச் சொன்னபோது, அது அவர் முன்னரே செய்து பார்த்த செயலாக இருந்தது.

ஜாமிஆவை மூடப் போகிறார்கள் என்ற செய்தி எட்டியதும், தாமும் தம் நண்பர்களும் அதற்கே வாழ்வை ஒப்படைக்க ஆயத்தமாக இருப்பதாகவும், திரும்பி வரும்வரை மூட வேண்டாம் என்றும் அவர் தந்தி அனுப்பினார். இங்கே காந்தியடிகளும் ஹகீம் சாஹிபும் மூடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தனர். 1925இல் ஜாமிஆ அலீகரிலிருந்து தில்லியின் கரோல் பாகிற்கு இடம் பெயர்ந்தது. 1926 பிப்ரவரியில் ஜாகிர் ஹுசைன் நாடு திரும்பினார். உடன் வந்த இருவர், பெர்லினில் பட்டம் பெற்ற ஆபித் ஹுசைனும் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற முஹம்மது முஜீபும் ஆவர். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் ஹுசைன் ஷைகுல் ஜாமிஆ ஆனார்.

அவர் கையில் வந்தது என்ன? சில வாடகைக் கட்டடங்கள், கடன், குறைந்த மாணவர் தொகை. அரசின் மானியத்தை ஏற்பதில்லை என்பது ஜாமிஆவின் கொள்கை. அதன் பட்டங்களை ஆங்கில அரசு ஏற்கவில்லை. ஆகவே அங்கே படித்தவனுக்கு அரசு வேலை கிடையாது. இது சரியா என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோரின் நிலையில் நின்று பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் வாய்ப்பிழந்த இளைஞர்கள் இருந்திருப்பார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்தர் வேலைக்காக மட்டுமே பள்ளிக்கூடம் என்றிருந்த காலத்தில், வேலைக்கு அப்பாலும் கல்விக்கு ஒரு நோக்கம் உண்டு என்று காட்ட யாரேனும் ஒருவர் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

1927 டிசம்பர் இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் திடீரென வஃபாத்தானார். அதுவரை தம் மருத்துவ வருவாயிலிருந்தும் செல்வாக்கினாலும் ஜாமிஆவைத் தாங்கி வந்தவர் அவரே. அவர் மறைந்ததும் மீண்டும் மூடும் பேச்சு வந்தது. இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறோம். ஏனெனில் இவ்வரலாற்றின் கரு இங்கேதான் உள்ளது.

1928இல் ஜாகிர் ஹுசைனும் சக ஆசிரியர்களும் ‘அஞ்சுமனே தஃலீமே மில்லீ’ என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் ஆயுள் உறுப்பினராக விரும்புவோர் ஓர் உறுதிமொழி அளிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் ஜாமிஆவில் பணியாற்றுவேன், மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஊதியம் கேட்க மாட்டேன் என்பதே அது. ஐரோப்பாவில் பட்டம் பெற்றவர்கள் அரசுப் பணியில் இதைப் போலப் பல மடங்கு பெறக்கூடிய காலம். நூற்றைம்பது என்பதும் உச்ச வரம்புதான். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். அதுவும் மாதந்தோறும் வந்ததில்லை.

ஜமாஅத்தார்களே! இத்தகைய தியாக வரலாறுகளை நாம் மேடையில் சொல்லும்போது ஓர் ஆபத்து உண்டு. “பார்த்தீர்களா, அவர்களெல்லாம் எவ்வளவு குறைந்த ஊதியத்தில் பணி செய்தார்கள்!” என்று மக்தப் உஸ்தாதுகளை நோக்கிச் சுட்டு விரல் நீட்டச் சிலருக்கு இது வசதியாகிவிடும். அப்படிச் சொல்வோர் வரலாற்றைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த உச்ச வரம்பை வெளியிலிருந்து எந்த நிர்வாகமும் அவர்கள் மீது சுமத்தவில்லை. அவர்களே கூடி அமர்ந்து தங்களுக்கு விதித்துக்கொண்டார்கள். தலைவரும் அதே வரம்புக்குள் நின்றார். எல்லாவற்றிற்கும் மேலாக, உறுதிமொழி அளித்த அந்த ஆசிரியர்களின் அமைப்பிடமே ஜாமிஆவின் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. வாழ்நாளைக் கொடுத்தவர்களே முடிவெடுக்கும் உரிமையையும் பெற்றார்கள். நம் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கட்டடக் கணக்கு பக்கம் பக்கமாக வருகிறது. உஸ்தாதுகளின் கணக்கு ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கினார்கள், ஏன் போனார்கள் என்ற விவரம் எந்தப் பக்கத்திலும் இல்லை. இதைக் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. பொதுக்குழு எடுத்துப் பேச வேண்டிய பொருளாக முன்வைக்கிறோம்.

பணம் திரட்டுவதில் அவர் மேற்கொண்ட வழியும் கவனிக்கத்தக்கது. ஹகீம் சாஹிபைப் போன்ற ஒரு பெருந்தகையை மட்டும் நம்பியிருந்தால் அவர் மறையும்போது நிறுவனமும் மறைந்துவிடும் என்பதை அனுபவம் கற்றுக் கொடுத்திருந்தது. எனவே ‘ஹம்தர்தானே ஜாமிஆ’, அதாவது ஜாமிஆவின் அனுதாபிகள் என்ற அமைப்பை உருவாக்கி, எளிய மக்களிடம் சிறு சிறு தொகைகளைத் தொடர்ச்சியாகப் பெறும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெரும் தொகைக்காகச் செல்வந்தர் வாயிலில் காத்திருப்பதைவிட, சிறு தொகைக்காகப் பல வாயில்களுக்குச் செல்வது கடினம். ஆயினும் அவ்வாறு வருகின்ற பணத்தோடு மக்களின் மனமும் வருகிறது. நம் மாதச் சந்தாவும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இத்தனை நெருக்கடிக்கு இடையிலும் அவர் மனம் பெரிதும் சென்றது சின்னஞ்சிறு குழந்தைகளிடம்தான். பல்கலைக்கழகத்தின் தலைவர் தொடக்கப் பள்ளியில் நேரம் செலவிடுவார். குழந்தைகளே நடத்திய சிறு கடையும் வங்கியும் ஜாமிஆ பள்ளியில் இருந்தன. கணக்கை ஏட்டில் மட்டும் படிக்காமல் கொடுக்கல் வாங்கலில் கற்றார்கள். காலணிகளை அழுக்கோடு அணிந்து வந்த மாணவர்களைப் பலமுறை அறிவுறுத்தியும் பயனில்லாதபோது, ஷைகுல் ஜாமிஆவே தூரிகையும் மையும் எடுத்துக்கொண்டு வாயிலில் அமர்ந்து, வந்தவர்களின் காலணிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கத் தொடங்கினார் என்ற நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துரைப்பார்கள். அடுத்து அறிவுரைக்குத் தேவை இருந்திருக்காது.

இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்லும்போது நம் நா தழுதழுக்கிறது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருக்கிறார். பணியாள் ஒருவர் வந்து காதில் ஏதோ சொல்கிறார். முகம் வெளிறுகிறது. ஆயினும் வழங்குவதை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் துயர மணி ஒலித்த பின்னரே மற்றவர்களுக்குச் செய்தி தெரிகிறது. அவருடைய சின்ன மகள் ரைஹானா இறந்துவிட்டாள். உடனே ஏன் செல்லவில்லை என்று கேட்டவர்களிடம், குழந்தைகள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தார்கள், அதைக் கலைக்க மனம் வரவில்லை என்னும் பொருள்பட விடையளித்தாராம். தந்தையாக அவர் செய்தது சரிதானா என்று நம்மில் சிலர் வாதிடக்கூடும். வீட்டில் தனித்திருந்த அத்தாயின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய துணைவியார் ஷாஜஹான் பேகம் பர்தாவைப் பேணி, வறுமையில் குடும்பம் நடத்தி, புகழின் பங்கு எதையும் பெறாமல் வாழ்ந்தவர். பிற்காலத்தில் ஜாமிஆவின் சிறுவர் இதழான ‘பயாமே தஃலீம்’ இதழில் ருகைய்யா ரைஹானா என்ற பெயரில் கதைகள் வெளிவந்தன. எழுதியவர் ஜாகிர் ஹுசைன்தான். மறைந்த மகளின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டு பிறர் பிள்ளைகளுக்குக் கதை எழுதினார். கட்டிப்போட்ட கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்குப் போய், விடியும்வரை ஓநாயோடு போராடிய ஆட்டின் கதை, ‘அப்பூ கானின் ஆடு’, அவற்றுள் புகழ்பெற்றது.

பெர்லினில் அவர்களுக்கு அறிமுகமான கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்னும் யூதப் பெண்மணி, 1933இல் ஜெர்மனியை விட்டு ஜாமிஆவுக்கு வந்து சேர்ந்தார். சிறு குழந்தைகளின் பள்ளியிலும் விடுதியிலும் பணியாற்றினார். குழந்தைகள் அவரை ‘ஆபா ஜான்’ என்று அழைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மானியர் என்ற காரணத்தால் ஆங்கில அரசு அவரைச் சிறிது காலம் தடுப்புக் காவலில் வைத்தது. 1943இல் நோயுற்று மறைந்தார். ஜாமிஆவின் அடக்கத்தலத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு தலைவரின் இயல்பு, எத்தகையவர்கள் அவரைத் தேடி வந்து தங்கிவிடுகிறார்கள் என்பதில் தெரிகிறது.

1935 மார்ச் 1ஆம் நாள், தில்லிக்கு வெளியே யமுனைக் கரையை ஒட்டிய ஓக்லாவில் சொந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அடிக்கல் நாட்டு விழா என்றால் யாரை அழைப்பது, கல்வெட்டில் யார் பெயரை முதலில் பொறிப்பது என்பதிலேயே பாதிப் பகை வளர்ந்துவிடுவதை நாம் அறிவோம். ஜாமிஆவில் அக்கல்லை நாட்டியவன் அங்கே படித்த மாணவர்களிலேயே மிகச் சிறியவனான அப்துல் அஸீஸ் என்னும் சிறுவன்.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு அவர் தலைவரானார். ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிக் கல்வி, ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடமுறை ஆகியன அதன் கூறுகள். முஸ்லிம் லீக் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. வேறு காரணங்களுக்காக வேறு சிலரும் தாக்கினர். சுதந்திரத்துக்குப் பின் அத்திட்டம் பெயரளவில் நடைமுறைப்படுத்தப்பட்ட விதத்தை அவரே வெளிப்படையாகக் கண்டித்தார் என்பதோடு இதனை விட்டுச் செல்கிறோம்.

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா நடந்தது. கல்கத்தாவிலும் நவகாளியிலும் பீகாரிலும் இரத்தம் ஓடிய ஆண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத தலைவர்களை அவர் ஒரே மேடையில் அமர்த்தினார். ஒரு பக்கம் முஹம்மது அலீ ஜின்னா, லியாகத் அலீ கான். மறுபக்கம் ஜவாஹர்லால் நேரு, ஆஸஃப் அலீ. அவர்கள் முன்னிலையில், நாட்டில் பற்றி எரியும் பகைத் தீயை அணையுங்கள் என்று கண்ணீர் மல்க வேண்டினார். தீ யார் மூட்டியது என்ற விசாரணைக்கு இது நேரமில்லை, முதலில் அணைப்போம் என்பதே அவ்வேண்டுகோளின் சாரம். மாபெரும் தலைவர்கள் கேட்டார்கள். தீ அணையவில்லை.

அடுத்த ஆண்டு அத்தீ அவரையே தொட்டது. பிரிவினைக் கலவரத்தின்போது காஷ்மீர் நோக்கிப் பயணம் செய்த அவர், ஜலந்தர் இரயில் நிலையத்தில் கொலைவெறிக் கும்பலிடம் சிக்கினார். சீக்கிய இராணுவ அதிகாரி ஒருவரும் இந்து இரயில்வே அலுவலர் ஒருவரும் அவர் உயிரைக் காத்தனர். தில்லியிலோ, கரோல் பாகில் இருந்த ஜாமிஆவின் உடைமைகளும் புத்தக நிலையமும் கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாயின. ஓக்லாவைச் சுற்றியிருந்த ஊர்கள் எரிந்தன. 1947 செப்டம்பரில் காந்தியடிகள் நேரில் வந்து ஜாமிஆவில் தஞ்சமடைந்திருந்தோரைச் சந்தித்தார். ஜாகிர் ஹுசைன் எல்லை கடந்து செல்லவில்லை. பழிவாங்கும் சொல்லையும் சொல்லவில்லை. இருபதாண்டு உறுதிமொழியின் தவணை அப்போது முடியும் நிலையில் இருந்தது.

1948இல் அவ்வுறுதிமொழி நிறைவேறியது. அவ்வாண்டே அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்குமாறு அவரை அழைத்தனர். 1920இல் எந்தக் கல்லூரியை விட்டு வெளியேறினாரோ, அதனைக் காக்கும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது. பிரிவினையால் ஆசிரியர்களும் மாணவர்களும் பெருமளவில் குறைந்து, ஐயத்தோடு நோக்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தை 1956 வரை அவர் வழி நடத்தினார்.

அவர் சென்றபின் ஜாமிஆ சரிந்துவிட்டதா என்றால், இல்லை. பெர்லினிலிருந்து உடன் வந்த முஜீப், 1948இல் ஷைகுல் ஜாமிஆ பொறுப்பேற்று 1973 வரை, இருபத்தைந்து ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். தம் தோழரைவிட மூன்றாண்டுகள் அதிகம். இதனை ஜாகிர் ஹுசைனின் சாதனைகளில் முதன்மையானதாக நாம் கருதுகிறோம். 1962இல் ஜாமிஆ நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஏற்கப்பட்டது. 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

பின்னாளைய பதவிகளை நீங்கள் அறிவீர்கள். 1957 முதல் 1962 வரை பீகார் ஆளுநர். பின்னர் குடியரசுத் துணைத் தலைவர். 1963இல் பாரத ரத்னா. 1967 மே 13ஆம் நாள் குடியரசுத் தலைவர். ரோஜா வளர்ப்பதிலும் அரிய கற்களைச் சேகரிப்பதிலும் அவருக்கிருந்த ஈடுபாடு இறுதிவரை குறையவில்லை. நம் தமிழகத்தில் இளையான்குடியில் 1970இல் தொடங்கப்பட்ட கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1969 மே 3ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே, தில்லியில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பதவியில் இருக்கும்போது மறைந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். நாட்டின் முதற்குடிமகனுக்குத் தலைநகரில் எங்கு வேண்டுமானாலும் இடம் கிடைத்திருக்கும். அவரை ஓக்லாவுக்கு, ஜாமிஆ வளாகத்துக்குக் கொண்டு சென்று நல்லடக்கம் செய்தார்கள்.